675 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று டெலஸ்கோப் பெட்டி சொன்னால் நம்பிவிடுவதா?

காஸ்டர் என்ற இரட்டை நட்சத்திரம் 70 மி.மீ. டெலஸ்கோப்பில் இரண்டாகப் பிரியுமா?

பிரியும். 100 மடங்கு வையுங்கள், போதும்.

60 மி.மீ. டெலஸ்கோப், பெட்டியில் 675 மடங்கு என்று இருக்கிறது. வியாழன் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. லென்ஸில் கோளாறா?

கோளாறு பெட்டியில். 900 மி.மீ. குவியத் தூரத்தை 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்து, 3 மடங்கு பார்லோவால் (உருவத்தை மேலும் பெரிதாக்கும் இடை லென்ஸ்) பெருக்கினால் 675 வரும். கணக்கு சரி, வானம்தான் ஒத்துக்கொள்ளாது. முன் லென்ஸின் விட்டத்தில் மி.மீ.க்கு 2 மடங்குதான் உச்சவரம்பு, உங்களுக்கு 120. அதுவும் காற்று அசையாத ராத்திரியில். எனக்கும் முதல் டெலஸ்கோப் இப்படித்தான் வந்தது. ஒரு வருடம் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பார்லோவைப் பரணில் போடுங்கள். 20 மி.மீ. ஐபீஸில் 45 மடங்கு கிடைக்கும். நான்கு நிலாக்களும் இரண்டு பட்டைகளும் தெரியும். அப்புறம் அந்த ஈர்க்குச்சிக் கால் முக்காலி. ஃபோகஸைத் தொட்டாலே வியாழன் குதித்து ஓடும். துணிப்பையில் ஒரு செங்கல்லைப் போட்டு நடுவில் தொங்கவிடுங்கள்.

8 இஞ்ச் டாப்சோனியன் வகை டெலஸ்கோப். 7 மணிக்கு மொட்டை மாடியில் சனி கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடுகிறது.

பகலெல்லாம் வெயில் குடித்த தளம் அது. பத்து மணிக்கு மேல் பாருங்கள். மண் தரை கிடைத்தால் இன்னும் நல்லது. குழாயை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். நூறு முறை எழுதிவிட்டேன். மழை கழுவிவிட்ட வானத்தில் நட்சத்திரம் கண் சிமிட்டினால் கிரகம் பார்க்க ஆகாது. லேசாகப் புழுங்கி, மங்கலாக இருக்கும் ராத்திரியே பல நேரம் உத்தமம்.

நேற்று பளிச்சென்று ஒன்று தெரிந்தது. என்ன கிரகம்?

எந்த ஊர், எந்தத் திசை, மணி என்ன? ஜோசியர்கூடப் பிறந்த நேரம் கேட்பார்.

நாகர்கோவிலில் இருக்கிறேன். ஆல்ஃபா செண்டாரி என்ற இரட்டை நட்சத்திரத்தைப் பிரித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. வடக்கே இருப்பவர்களுக்குக் கிடைக்காத வரம். ஏப்ரல் கடைசியில் நள்ளிரவு தாண்டி 12.30 மணி வாக்கில் நேர் தெற்கே, 20 டிகிரி உயரத்தில் நிற்கும். 2016 வாக்கில் 4 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) வரை நெருங்கியிருந்த ஜோடி, இப்போது இரண்டு மடங்குக்கு மேல் விலகிவிட்டது. அது இரட்டை என்று 1689-ல் கண்டவர் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. பார்த்த இடம் நம் புதுச்சேரி.

சிரியஸின் துணை நட்சத்திரம் 4 இஞ்ச் டெலஸ்கோப்பில் தெரியுமா?

ஆசைப்படாதீர்கள். சிரியஸ் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசம். முதலில் ரைஜல் நட்சத்திரத்தின் துணையைப் பிடியுங்கள்.

ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் கூடவே வந்தது. பயன்படுத்தலாமா?

சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். ஃபில்டர் குழாயின் முன்வாயை மூட வேண்டும். குறிபார்க்கும் சின்னக் குழாயான ஃபைண்டருக்கும் மூடி போடுங்கள்.