பேஸ் ஆம்ப் வாங்கும்போது வாட் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். டிரம்ஸ், கிட்டார், பாடகர் கொண்ட எங்கள் சிறு குழு வாரம் ஒருமுறை பயிற்சிக்குக் கூடுகிறது. மாடிப்படி ஏறித் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு காம்போ ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சுற்றும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வேண்டும். 8 அங்குல ஸ்பீக்கருடன் 300 வாட் ஆம்ப் ஒன்றும், 12 அங்குல ஸ்பீக்கருடன் 100 வாட் ஆம்ப் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். வாட் அதிகமுள்ளதையே வாங்கிவிடலாமா? கடையில் எப்படிச் சோதிப்பது?

பதில்: வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 300 என்பது 100இன் மூன்று மடங்குதான் என்றாலும், காதுக்கு அது ஏறத்தாழ 5 டெசிபல் வித்தியாசமே. சத்தம் இரு மடங்கானதுபோலத் தோன்றவே சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. அந்த 5 டெசிபலையும் ஸ்பீக்கரின் உணர்திறன் எளிதில் விழுங்கிவிடக்கூடும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பதே உணர்திறன். பெரிய பெட்டியில் பொருத்திய 12 அங்குல ஸ்பீக்கர் இந்தக் கணக்கில் 5 டெசிபல் முன்னால் நின்றால், உங்கள் 300 வாட்டும் 100 வாட்டும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். போதாததற்கு, விளம்பரத்தில் உள்ள வாட் எண் பல காம்போக்களில் வெளியே இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியையும் இணைத்து, மொத்த மின்தடை 4 ஓமாகக் குறையும்போது மட்டும் கிடைப்பது. உள்ளிருக்கும் 8 ஓம் ஸ்பீக்கர் தனியாக ஓடினால் அதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான் கிடைக்கும். பின்புறம் அச்சிட்டிருப்பதை வாசித்துவிடுங்கள்.

ஆம்பெக் நிறுவனம் 1960இல் வெளியிட்ட பி-15 ஆம்ப், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் சுமார் 25 வாட்டும் மட்டுமே கொண்டு ஒலிப்பதிவுக் கூடங்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. உரத்து அடிக்கும் டிரம்ஸுக்கு எதிரே அது திணறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு அவ்வளவு சிறியது போதாது.

சிக்கலின் வேர் பேஸின் தாழ்ந்த சுரத்தில் இருக்கிறது. திறந்த ஈ தந்தியின் அதிர்வு நொடிக்கு சுமார் 41. சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்திற்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். பெட்டி சிறிதாகவும், சுரம் ஆழமாகவும், சத்தம் பெரிதாகவும் ஒருசேர இருக்க இயற்பியல் இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் சிறு ஆம்பில் ஈ தந்தி ஈ தந்தியாகவே கேட்பதற்குக் காரணம், அதனோடு சேர்ந்து இரு மடங்கிலும் மூன்று மடங்கிலும் எழும் மேலதிர்வுகளான 82, 123 ஹெர்ட்ஸைக் கொண்டு நம் மூளை அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொள்வதுதான். இதை அறியாமல் நான் முதன்முதலில் வாங்கிய ஆம்ப், வீட்டில் வயிறு அதிர முழங்கியது. டிரம்ஸ் தொடங்கியதும் காணாமல் போனது. பேஸ் குமிழைத் திருகத் திருகக் கர்கர் என்றதே தவிர, சுரம் வரவில்லை. நடு அதிர்வெண் குமிழைச் சற்று ஏற்றியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இனி சோதனைக்கு வருவோம். உங்கள் பேஸையும் கேபிளையும் நீங்களே கொண்டு செல்லுங்கள். கடைகளில் ஆம்பைப் பெரும்பாலும் மூலையில்தான் வைத்திருப்பார்கள். இரு சுவர்களும் தரையும் சேர்ந்து தாழ்ந்த சுரங்களை ஊதிக் காட்டும் என்பதால், அதை அறையின் நடுப்பக்கம் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். டோன் குமிழ்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும். ஒலியை அழகூட்டும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். திறந்த ஈயில் தொடங்கி, ஒவ்வொரு ஃபிரெட்டாக, ஒரே விசையில், ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருந்து மேலேறுங்கள். ஒரு சுரம் மட்டும் குமுறினால் நான்கடி தள்ளி நின்று மீண்டும் கேளுங்கள்: குமுறல் அகன்றால் குற்றம் அறையுடையது, அகலாவிட்டால் பெட்டியுடையது. எங்கேனும் சிலம்பல் கேட்டால் முன்வலையையும் கைப்பிடியையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் தளர்ந்த திருகாக இருக்கலாம், நிற்காவிட்டால் வேறு ஆம்பைக் கேளுங்கள். அடுத்து, பயிற்சியில் வைக்கும் சத்தத்திற்கு ஏற்றி, நீண்ட கேபிளுடன் நான்கைந்து மீட்டர் விலகி நின்று ஓங்கி மீட்டுங்கள். ஆம்பின் மேல் குனிந்து கேட்பவருக்குக் கேட்கும் ஒலி வேறு, எதிரே நிற்கும் டிரம்மருக்குக் கேட்கும் ஒலி வேறு.

எடையை அட்டையில் படித்தால் போதாது. ஸ்பீக்கரில் நியோடிமியம் காந்தமும், ஒலியைப் பெருக்க கிளாஸ் டி எனும் எடை குறைந்த வகைச் சுற்றும் உள்ளவை பழைய ஆம்ப்களைவிட வெகுவாக எடை குறைந்தவைதான். ஆனாலும் ஒற்றைக் கையில் தூக்கி இருபது அடி நடந்து பாருங்கள். கைப்பிடி சரியான இடத்தில் இல்லாத பெட்டி ஒவ்வோர் எட்டுக்கும் முழங்காலில் இடிக்கும்.

நீங்கள் சொன்ன இரண்டில், டிரம்ஸோடு வாசிப்பவருக்கு என் சாய்வு 12 அங்குலத்தின் பக்கமே. அதன் எடையை உங்கள் தோள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அதுவரை நண்பரின் கிட்டார் ஆம்பில் பேஸ் வாசிக்கலாமா?

பதில்: பேச்சுக்குரல் அளவு சத்தத்தில் வாசிக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால், அந்த மெல்லிய கூம்பு தன் எல்லையைத் தாண்டி அசைந்து கிழியவும் கூடும். சத்தம் கரகரக்கத் தொடங்கியதும் குறைத்துவிடுங்கள். ஆம்ப் உங்களுடையது அல்ல.