ஓஸ்லோவில் நிறுத்தப்பட்ட தம்பதி: டிராவல்ஸ் மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். கடந்த ஜூலையில் நானும் மனைவியும் பாரிஸ், வியன்னா, பிராக் நகரங்களைப் பார்த்துவிட்டு, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கப்பல் ஏறி ஒரு வாரம் துருவப் பயணம் போவதாக ஏற்பாடு. திருநெல்வேலியில் கிளை வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸில் 14 லட்சம் ரூபாய் கட்டினோம். விசாவும் அவர்களே எடுத்துத் தந்தார்கள். ஓஸ்லோ விமான நிலையத்தில், ‘உங்கள் விசா ஒரு முறை நுழைய மட்டுமே, ஸ்வால்பார்ட் போனால் திரும்ப உள்ளே வர முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. பணத்தைக் கேட்டால், ‘விசா தூதரகத்தின் முடிவு, வழக்கு என்றால் மும்பையில்தான்’ என்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இவர்கள் மூலம் போன அண்டார்டிகா பயணத்திலும் சொன்ன இரண்டு இடங்களில் இறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்கலாமா?

பதில்: ஐயா, ஓஸ்லோவில் நடந்ததற்கு உங்களுக்கு வலுவான வழக்கு இருக்கிறது. அண்டார்டிகாவை அதோடு சேர்க்காதீர்கள்.

ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது. அங்கே இறங்க விசா தேவையில்லை. ஆனால் ஓஸ்லோவிலிருந்து ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனுக்கு விமானம் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது அது இரண்டாவது நுழைவு. அதனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இரண்டு முறையாவது நுழையும் விசா கட்டாயம் வேண்டும். நார்வே அரசு வெளிப்படையாகச் சொல்லும் விதி இது. துருவப் பயணத்தை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்; உங்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இப்போது பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஸ்டிக்கரைப் பாருங்கள். நுழைவுகளின் எண்ணிக்கைக்கென ஒரு கட்டம் இருக்கும். உங்களுடையதில் ‘01’ என்று அச்சாகியிருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அடுத்து, தூதரகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை டிராவல்ஸிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு முறையா, இரண்டு முறையா, பல முறையா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அங்கே ‘ஒரு முறை’ என்று நிரப்பியிருந்தால், ‘தூதரகத்தின் முடிவு’ என்ற அவர்கள் வாதம் அங்கேயே முடிந்துபோகும். இரண்டு முறை நுழையும் விசா கேட்டும் தூதரகம் ஒரு முறைக்குத்தான் கொடுத்தது என்றால் வழக்கு கொஞ்சம் இளகும். அப்போதும், கைக்கு வந்த விசாவைச் சரிபார்க்காமல் உங்களை விமானம் ஏற்றிய குறை அவர்களுடையதே. விண்ணப்பத்தோடு வைத்த பயணத் திட்டத்தில் ஸ்வால்பார்ட் பெயரே இல்லாமல் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

‘விண்ணப்பத்தில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கேட்பார். அதற்குப் பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது. ‘விசா டென்ஷன் ஒங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். தங்கம் மாதிரியான சாட்சி அது. அந்தப் போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் காட்டத் தேவையான, பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது.

இன்னொரு சாட்சியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவை முழுத் தொகுப்பாக விற்பவர் வருமான வரிச் சட்டப்படி டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வாங்குபவரிடம் வசூலிக்கும் வரி, பிடிக்க வேண்டும். உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை இருந்தால், ‘நாங்கள் வெறும் டிக்கெட் ஏஜென்ட்’ என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிடித்த அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம், அதையும் விட்டுவிடாதீர்கள்.

மும்பை என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழி செய்கிறது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய்தான். கிளை, தலைமை அலுவலகம் இரண்டையும் எதிர்த்தரப்பாகப் போடுங்கள். வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியை இழுக்க வேண்டாம். அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஓடிவிடும்.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். பாரிஸும் வியன்னாவும் பிராகும் பார்த்துவிட்டீர்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஆணையம் ஏற்காது, உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் குறையும். கப்பல் கட்டணம், ஓஸ்லோ–லாங்யர்பியன் டிக்கெட், ஓஸ்லோவில் கூடுதலாகத் தங்கிய ஹோட்டல் பில், முன்கூட்டி ஊர் திரும்பிய செலவு, இவற்றுக்கு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். இந்த வயதில், வேற்று நாட்டு விமான நிலையத்தில் பெட்டிகளோடு நிற்க வைத்தது சின்ன விஷயமில்லை. அந்த நாளில் நடந்ததை மணி வாரியாக எழுதிக் கொடுங்கள். கப்பல் கம்பெனி உண்மையில் எவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதற்கான கடிதத்தையும் டிராவல்ஸ் காட்டியாக வேண்டும் என்று கேளுங்கள். கொஞ்சம் பணம் அவர்களுக்குத் திரும்பி வந்திருக்கவும் கூடும்.

அண்டார்டிகா விஷயம் வேறு. அங்கே ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறக்கக் கூடாது. பனிக்கட்டியும் காற்றும் அனுமதித்தால்தான் இறக்கவே முடியும். பாதையை மாற்றும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு என்று இத்தகைய பயண ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். உயிரைக் காக்க எடுத்த முடிவைச் சேவைக் குறைபாடு என்று வாதாட என்னால் முடியாது. தவிர, நுகர்வோர் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி வழக்குப் போடக் காலவரம்பு இரண்டு ஆண்டு, அது தாண்டிவிட்டது.

ஓஸ்லோ வழக்குக்கும் அதே காலவரம்புதான். ‘பேசி முடிச்சிரலாம்’ என்று அவர்கள் இழுத்துக்கொண்டே போனாலும் காலம் நிற்காது. 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் உடனே தாக்கல் செய்யுங்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தாலும் பயணி இருவர். ஆகவே உங்கள் மனைவியையும் இரண்டாவது புகார்தாரராகச் சேர்த்து, அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.