பட்டன் தேயாத டயரை மாற்றச் சொன்னால் அது ஏமாற்று வேலையா?

கேள்வி கேட்டவர் சொல்வது சுருக்கமாக இதுதான்: 2016-இல் வாங்கிய கார், பெரும்பாலும் மதுரைக்குள்ளேயே ஓடுகிறது, இன்னும் 24 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை, டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்தில் உள்ள மேடு பள்ளம், புதிதுபோல இருக்கிறது. ஆனால் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். இது பணம் பறிக்கும் வேலைதானே என்று கேட்கிறார்.

இல்லை. சர்வீஸ் நிலையங்கள் பணம் பறிப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நீட்டும் பட்டியலில் பாதியை அடித்துவிட்டுத்தான் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் இந்த ஒரு வரியில் அவர்கள் சொல்வது நியாயம்.

உங்கள் கார் எப்படிக் கிடக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வேலைக்குப் போவது இரு சக்கர வாகனத்தில், ஏனென்றால் மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் வந்த வேலையே மறந்துவிடும். கார் வாசலில் நிற்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் வெயில் அதன் ஒரு பக்கத்தில் நாள் முழுவதும் விழும். வெள்ளிக்கிழமை கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் எடுப்பீர்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். எங்கள் மச்சானின் கார் அப்படித்தான் நின்றது, அதனால்தான் இவ்வளவு நிச்சயமாக எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்று கேட்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் DOT என்று தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 0914 என்றால் 2014-இன் ஒன்பதாவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். சில டயர்களில் இந்த நான்கு இலக்கமும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் காரின் உட்புறமாக மாட்டியிருந்தால் டார்ச் விளக்கோடு தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பட்டன் என்பது டயர் எவ்வளவு ஓடியது என்று மட்டும்தான் சொல்லும். கார் டயருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழம்தான் கடைசி எல்லை. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு ஒன்று இருக்கும், பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, ஓடாத டயரும் கெடும் என்பது. வெயில், சூடு, காற்றில் உள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கி, அதில் வெடிப்பு விழ வைக்கும். அதைத் தடுக்க ரப்பரிலேயே மெழுகும் வேறு சில பொருள்களும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு, நசுங்கி, நிமிரும்போதுதான் அவை மேலே கசிந்து வந்து காக்கும். நிற்கிற காரில் அந்தக் கசிவு குறைவு. ஆக, ‘நான் காரை எடுப்பதே இல்லை’ என்பது டயருக்கு நற்சான்று இல்லை. ஐந்து வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் எப்படித் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பது டயர் நிறுவனங்கள் பல சொல்வது. ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. டயர் விற்கிறவன் அப்படித்தான் சொல்வான் என்பீர்கள். சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். கார் 2014-இல் வாங்கியது. கவர் போட்டு மூடி, உள்ளே இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட நெடுநாள் பிரிக்காமல் வைத்திருந்தவர். ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவன் டயரைப் பார்த்தேன். 0914. பக்கவாட்டில் நூல் நூலாக வெடிப்பு. மற்ற மூன்றையும் பார்த்தேன். எல்லாம் காரோடு வந்தவை.

“மச்சான், இந்த டயர்கள் பத்து வயதை நெருங்குகின்றன. மாற்றிவிடுங்கள்” என்றேன்.

கரும்பைக் கடித்துக்கொண்டே டயரை ஒரு தட்டு தட்டினார். “பட்டனைப் பாருங்கள் மாப்பிள்ளை, விரல் உள்ளே போகிறது. செக்குக்குத் தேதி பார்த்துப் பார்த்து டயருக்கும் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். மூன்று மாதத்தில் இதுவும் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறதே!”

வீடே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், அது தனிக் கதை.

அந்த மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் பந்தல்குடிப் பக்கம் போனோம். இராத்திரி முழுவதும் யாரும் தூங்கவில்லை. காலையில் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது உச்சி வெயில். ஐந்து பேர் உட்காரும் காரில் குழந்தைகளோடு ஏழு பேர். பின்னால் பித்தளை அண்டா, கறித் தூக்கு, மிச்ச விறகு, ஒரு வாழைத்தார். என் கார் அப்போது பட்டறையில் இருந்ததால் நானும் அதில்தான். அருப்புக்கோட்டையைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் காரியாபட்டியை நோக்கி வருகிறோம். முதலில் பின்பக்கத்திலிருந்து மெல்லிய அதிர்வு. “ரோடு சரியில்லை” என்றார் மச்சான். ரோடு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் டமார் என்று ஒரு சத்தம், வண்டியின் வால் வலப்பக்கம் ஒரு வீச்சு, இடப்பக்கம் ஒரு வீச்சு. அவருடைய கால் பிரேக்குக்குப் போவதைப் பார்த்தேன்.

“பிரேக் வேண்டாம் மச்சான்! ஸ்டியரிங்கை மட்டும் விடாமல் பிடியுங்கள்!”

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் காலை எடுத்துவிட்டார். வண்டி தானாக வேகம் குறைந்து, தடதடவென்று இழுத்துக்கொண்டு இடது ஓரத்தில் போய் நின்றது. பின்னால் அந்த நேரத்தில் லாரி எதுவும் நெருங்கி வரவில்லை. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: டயர் வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைச் சடக்கென்று ஒடிக்கக் கூடாது, நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை மெதுவாக விட வேண்டும். வேகம் நன்றாக இறங்கிய பிறகு ஓரம் கட்டலாம்.

நின்றதும் நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டு, எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக மட்டும் இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். அத்தை மடியில் இருந்த பொங்கல் பானையை விடவே இல்லை, தடுப்பைத் தாண்டும்போதும் அதைத்தான் முதலில் நீட்டினார். பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ரோட்டில் வைக்கும் சிவப்பு முக்கோணம் டிக்கியில் விரிப்புக்குக் கீழே, உறையைக்கூடக் கிழிக்காமல் கிடந்தது.

வெடித்த டயரை அப்போதுதான் பார்த்தோம். மேல் பட்டை பாதி வட்டத்துக்குத் தனியாக உரிந்து, உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த உரிந்த பட்டையில் பட்டன் முழுசாக இருந்தது. புது டயரில் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் நுனிகள், ஓரத்தில் அவற்றில் சில இன்னும் உதிராமல் இருந்தன. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டையைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

இனி ஸ்டெப்னி. அண்டா, விறகு, வாழைத்தார் எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கி அதை எடுத்தால், கட்டைவிரலால் அமுக்கும்போதே உள்ளே போகிறது. காற்றே இல்லை. அதன் தேதியும் 0914. வீல் நட்டுகளோ அசையவில்லை, ஸ்பேனர் வழுக்குகிறது. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சரக்கு வேன்காரர் நிறுத்தி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டுகளைத் தளர்த்திக் கொடுத்தார். அவர் போன் செய்து வரவழைத்த பஞ்சர் கடைப் பையன் காரியாபட்டியிலிருந்து சின்னக் கம்ப்ரசரோடு வண்டியில் வந்து காற்று நிரப்பினான். அதுவரை சீமைக்கருவேல நிழலில் குழந்தைகள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். உங்களுக்கு அப்படி யாரும் கிடைக்காவிட்டால் தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அழைக்கலாம். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

வயது மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பாரம் அதிகம், வெயில், வேகம், காற்றும் குறைவாக இருந்திருக்கலாம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். புது டயர் இதையெல்லாம் ஒரு பயணத்துக்குப் பொறுத்துக்கொள்ளும், பத்து வருட டயர் பொறுக்காது, அவ்வளவுதான் என் வாதம். அரசுப் பேருந்தில் ரீட்ரேடிங் டயரே ஓடுகிறதே என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். அந்த டயர் ஓடித் தேய்ந்து, பட்டறையில் சோதித்துப் புதுப் பட்டை ஒட்டி, திரும்பவும் நாள் முழுவதும் ஓடுவது. வாசலில் வருடக்கணக்கில் வெயில் காய்வது இல்லை.

என் வருத்தம் டயரோடு முடியவில்லை. அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டிலும் மச்சான் சொல்லும் கதையில் நான் இல்லை. பாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் ஏற்றிய வண்டி என்பதால் சாமி காப்பாற்றியது, மீதியை அவர் கைப்பழக்கம் பார்த்துக்கொண்டது. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். எலுமிச்சம்பழம் வைக்க நான்கு சக்கரத்துக்கும் குனிகிறோமே, அப்போதே அந்த நான்கு இலக்கத்தையும் பார்த்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சமீபத்தில் சொந்தத்தில் ஒரு சம்பந்தம் பேசும்போது, கார் கொடுப்பதானால் மேலே கண்ணாடிக் கூரை திறக்கிற மாடலாகப் பாருங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். வரதட்சணைச் சட்டம் 1961-இல் வந்தது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். மதுரை வெயிலில் கூரையைத் திறந்து எதைப் பார்க்கப் போகிறார்கள்? ரிங் ரோட்டில் பிள்ளைகளை அதன் வழியாகத் தலை நீட்டி நிற்க வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. கூரைக்குக் கொடுக்க மனம் இருக்கிறது, டயருக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏமாற்று வேலை என்று சந்தேகம் வருகிறது. உங்களைச் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போனால் டயரை மாட்டுவதற்கு முன்பே தேதியைப் பாருங்கள். மச்சானுக்கு வாங்கப் போன இடத்தில் ‘எல்லாம் இந்த வருடச் சரக்கு’ என்று எடுத்துவந்த நான்கில் இரண்டு டயர்கள் மூன்று வருடத்துக்கு முந்தையவை. சண்டை போடாமல் வேறு எடுங்கள் என்றேன், எடுத்தார்கள். காற்றின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை வைக்காதீர்கள். காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். ஓடி வந்த டயரில் சில புள்ளிகள் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆள் நிறைய ஏற்றினால் வைக்க வேண்டிய அளவும் அதே தாளில் இருக்கும். நைட்ரஜன் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

நான்கையும் ஒரே மாதத்தில் மாற்ற முடியாது என்றால் இப்போதைக்கு இரண்டு வாங்குங்கள், மீதி இரண்டை மாற்றும்வரை நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். புது இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம்தானே திருப்புகிறது என்று கடையில் வாதம் செய்வார்கள். ஆனால் ஈரச் சாலையில் பின் டயர் பிடியை விட்டால் வண்டி சுழலும், அதைச் சாதாரண ஓட்டுநரால் திருத்த முடியாது. டயர் நிறுவனங்களும் பின்னால்தான் போடச் சொல்கின்றன. கழற்றிய பழைய டயரில் நன்றாக இருப்பதை ஸ்டெப்னியாகப் போட்டுத் தரட்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.