புகையும் பிசினும்: கேளுங்கள், சொல்கிறேன்

சாம்பிராணி, குந்திரிக்கம், அகில், தார் வாசனை கலந்த அத்தர், பெர்ஃப்யூம் பற்றி மட்டும் இன்று கேளுங்கள். மல்லிகை, ரோஜாக்காரர்கள் அடுத்த முறை வரவும்.

பொங்கோல் வாசகர்: அக்கா, புகை என்றாலே கண் எரியும், இருமல் வரும். அதைக் காசு கொடுத்து வாங்கி ஏன் பூசிக்கொள்கிறார்கள்?

நல்ல கேள்வி. மரம் எரியும்போது, அதற்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் சிதைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற வேதிப்பொருள்கள் வெளிவரும். நம் மூக்கு ‘புகை’ என்று பிடிப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். வெனிலா வாசனை தருகிற வெனிலின் இந்தக் குவாயகாலுக்கு நெருங்கிய சொந்தம். தொழிற்சாலைகளில் குவாயகாலிலிருந்தே வெனிலின் செய்கிறார்கள். சாம்பிராணிப் பிசினிலோ வெனிலின் இயற்கையாகவே இருக்கிறது. அதனால்தான் கரிந்த வாசனையும் இனிப்பும் சண்டை போடாமல் சேர்ந்து நிற்கின்றன. வெறும் இனிப்பு திகட்டும், வெறும் புகை விரட்டும். இரண்டும் சேர்ந்தால் மூக்கு மறுபடி மறுபடி அங்கேயே போகும்.

இன்னொன்று, பிசின்கள் மெதுவாக ஆவியாகிறவை. எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் அரை மணியில் பறந்துவிடும். பிசின் சாயங்காலம் வரை தோலில் இருக்கும். நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. கூந்தலுக்கு அகில் புகை ஊட்டியது சங்கப் பாட்டிலேயே வருகிறது.

ஈசூன் வாசகர்: குந்திரிக்க எண்ணெய் வாங்கினேன். தேவாலய வாசனையே இல்லை, எலுமிச்சைத் தோல் மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. நீராவியில் வடித்த குந்திரிக்க எண்ணெய் அப்படித்தான் இருக்கும்: பைன், மிளகு, கொஞ்சம் எலுமிச்சை. நீங்கள் தேடுவது பிசின் கட்டி கரித்துண்டில் வேகும்போது வருவது. பெர்ஃப்யூமில் அதைக் கொண்டுவர எண்ணெயோடு வேறு பிசின்களையும் புகை வாசனைப் பொருள்களையும் கலக்கிறார்கள்.

தெம்பனிஸ் வாசகர்: 60 வெள்ளிக்கு 12 மில்லி ஒரிஜினல் ஊது அத்தர் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. ஊது என்பது நம் அகில்தான். அகில் மரம் காயம்பட்டுப் பூஞ்சை பிடித்தால்தான் உள்ளே அந்தக் கருத்த பிசின் ஊறும். எல்லா மரத்திலும் ஊறாது. நம் வட்டாரத்து அகில் இனம் 1995லிருந்தே சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடையில் ஊது என்று விற்பதில் பெரும்பாலும் கோரைக்கிழங்கு எண்ணெயும் செயற்கை மரவாசனையும்தான். அது மோசம் என்று சொல்லவில்லை, பிடித்தால் போடுங்கள். ஆனால் தாளில் மோந்து பார்த்து வாங்காதீர்கள்.

ஜூரோங் வாசகர்: ஊது ஒரிஜினலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே இருக்கிறது.

உட்லண்ட்ஸ் வாசகர்: 30 வெள்ளிக்குள் ஒரிஜினல் ஊது?

தம்பி, 60க்கே இல்லை.

தோ பாயோ வாசகர்: சாமிக்குக் காட்டுகிற சாம்பிராணியை உடம்பில் அடித்துக்கொண்டு மின்தூக்கியில் வந்து நிற்கிறார்கள். இதெல்லாம் நல்லாவா இருக்கிறது?

சாமிக்கு வைக்கிற சந்தனத்தைத்தான் நெற்றியிலும் பூசுகிறோம். குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டியது எந்தச் சாமிக்கு?

அங் மோ கியோ வாசகர்: சரியாகச் சொன்னீர்கள் அக்கா. எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கெமெஞான் (அவர்கள் மொழியில் சாம்பிராணி) போட்டால் மாடியே மணக்கும். ஒருவரும் குறை சொன்னதில்லை.

தோ பாயோ வாசகர்: அது வீடு. மின்தூக்கிக்கு ஜன்னல் கிடையாது.

ஜன்னல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், சாமி விஷயத்தில் இல்லை. இந்த வாசனைகளில் பல குளிர் நாட்டுக் கம்பளிக் கோட்டை மனதில் வைத்துச் செய்தவை. இங்கே 31, 32 டிகிரியில் வியர்வையோடு சேர்ந்தால் இன்னும் பலமாக வீசும். சட்டைக்குள் நெஞ்சில் ஒரே ஒரு அடி போதும். ஐந்தாறு அடிக்கிற ஆட்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

தோ பாயோ வாசகர்: அப்படியானால் ஒத்துக்கொள்கிறேன். ஒரு அடி மட்டும்.

செங்காங் வாசகர்: லெதர் வாசனை வீட்டிலேயே செய்ய ஆன்லைனில் பிர்ச் தார் வாங்கியிருக்கிறேன். நேராகப் பூசலாமா?

வேண்டவே வேண்டாம். பழைய ரஷ்ய லெதர் வாசனை பிர்ச் மரப்பட்டைத் தாரிலிருந்து வந்ததுதான். ஆனால் சுத்திகரிக்காத தாரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்கள் இருக்கும். இஃப்ரா (உலக வாசனைப் பொருள் சங்கம்) விதிகளின்படி பெர்ஃப்யூமில் சுத்திகரித்ததற்கு மட்டுமே இடம். உங்களிடம் இருப்பது எது என்று புட்டியில் எழுதவில்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றினால் தீ எச்சரிக்கைக் கருவி கத்துகிறது.

இது என் துறை இல்லை. ஜன்னலைத் திறந்து தள்ளி வையுங்கள், கருவியைக் கழற்றாதீர்கள்.

பாசிர் ரிஸ் வாசகர்: தேக்காவில் ஒரிஜினல் ஊது...

மேலே.

கிளமெண்டி வாசகர்: சரி, எந்த பிராண்ட் என்றாவது சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன், உங்கள் தோல் வேறு, என் தோல் வேறு. அரபு ஸ்திரீட் கடையில் மணிக்கட்டில் ஒரு துளி போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். தாளில் வேண்டாம். புகிஸ் பக்கம் வெயிலில் நடந்து ஒரு டீ குடித்துவிட்டு மோந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்குங்கள்.