முன்அனுமதியின்றிப் பள்ளியைத் திறந்தமைக்கு விளக்கம்

ஐயா, வணக்கம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்த இரவில், முன்அனுமதியின்றி வகுப்பறைகளைத் திறந்து ஊராரைத் தங்கவைத்து, சத்துணவு அரிசியையும் சமைக்கக் கொடுத்ததற்காகக் கடலூரிலிருந்து விளக்கம் கோரும் குறிப்பாணை வந்ததாகவும், நல்லது செய்ததற்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரசு அரிசியைத் தலைமையாசிரியர் பொறுப்பில் விட்ட அலுவலர் கேட்கத்தான் செய்வார். தணிக்கையில் அவரும் பதில் சொல்ல வேண்டியவரே.

முதலில் விதி எண்ணைப் பாருங்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1955-இன் 17(அ) அல்லது 17(ஆ) என்றிருந்தால் அது வெறும் விளக்கம் கோரல் அல்ல, ஒழுங்கு நடவடிக்கை. பின்னது பெருந்தண்டனை வரை செல்லக்கூடியது என்பதால், வழக்கறிஞரிடம் காட்டாமல் பதில் அனுப்ப வேண்டாம்.

வெள்ளத்தின் கொடுமையை வருணிக்க வேண்டியதில்லை, அது அவர்களுக்கும் தெரியும். தெருவில் தண்ணீர் ஏறியது எத்தனை மணிக்கு, யாரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள், அழைப்பு கிடைக்காத நிலையில் எதைக் கருதித் தாங்களே முடிவெடுத்தீர்கள், எத்தனை கிலோ அரிசி எடுக்கப்பட்டது என்பவற்றை நேர வரிசையில் எழுதி, கைப்பேசி அழைப்புப் பதிவையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் இணையுங்கள். இருப்புப் பதிவேட்டில் அன்றே பதியவில்லையெனில், பழைய தேதியிட்டு இப்போது எழுதிவிடாதீர்கள். பதியாத காரணத்தை விளக்கத்திலேயே சொல்லிவிடலாம். அரிசியை மறைத்ததாக யாரும் சொல்லாதபோது, பதிவேட்டைத் திருத்தியதாகச் சொல்ல இடம் தருவானேன்?

கெடு போதாதெனில் எழுத்துமூலம் அவகாசம் கோரி, நகலில் அலுவலக முத்திரையுடன் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.