சிகாகோவில் ஒரே ஒரு நாள், நடந்தே

கேள்வி: டீச்சர், ஆகஸ்டில் மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். சிகாகோவில் ஒரு நாள்தான் தங்கல். எனக்கும் மனைவிக்கும் அறுபது தாண்டிவிட்டது. டாக்சிக்குக் காசைக் கொட்டாமல் நடந்தே சுற்றலாமா? அந்தப் பெரிய கோபுரத்தில் ஏற எனக்கு ஆசை. (தோட்டத்துப் பழைய கிராணி, சுங்கை சிப்புட்)

பதில்: நெரை நெரையாகத் தோட்டம் சுற்றின காலுக்கு அது ஒரு தூரமா, ஐயா? முக்கால்வாசி இடங்கள் மிச்சிகன் அவென்யூ என்ற ஒரே சாலையை ஒட்டித்தான். புதுச் சப்பாத்து மட்டும் வேண்டாம். பாசார் மாலாமில் வாங்கியதை மாட்டிக்கொண்டு போனேன். பத்து மணிக்கே குதிகாலில் கொப்புளம். மிச்ச சிகாகோவைப் பாதி பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

பசியாறிவிட்டு முதலில் கல்ச்சுரல் சென்டர். 1897-இல் நூலகமாகத் திறந்தது. உள்ளே போகக் காசில்லை, கழிவறை உண்டு (நம்ம வயசுக்கு இதுதானே முக்கியம்). அண்ணாந்தால் 38 அடி அகலக் கண்ணாடிக் கூரை, மீன் செதில் மாதிரி கோத்தது.

எதிரே மில்லெனியம் பார்க். சிற்பி அனீஷ் கபூர் செய்த, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் 'அவரைக்கொட்டை' சிற்பம் அங்கேதான்: 168 எஃகுத் தகடுகள், ஒட்டே தெரியாது. அதன் வயிற்றுக்கடியில் நின்று நிமிர்ந்தால் நாமே நாலைந்து பேராய்த் தொங்குவோம். எங்க வீட்டுக்காரர் தன் வழுக்கையை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

தெற்கே ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 செப்டம்பரில் விவேகானந்தர் பேசின சர்வசமய மாநாடு நடந்த இடம். உள்ளே நுழைந்தால் நாள் போய்விடும். வாசல் சிங்கத்தோடு ஒரு படம் போதும்.

கோபுரமா? முன்னே சியர்ஸ் டவர், இப்போது பெயர் வில்லிஸ் டவர், 442 மீட்டர். உலகத்திலேயே உயரம் என்ற பட்டத்தை நம்ம கேஎல் இரட்டைக் கோபுரம் 1998-இல் பிடுங்கிக்கொண்டது. கீழிருந்து பார்த்தால் போதும் ஐயா. அந்த வரிசையில் நிற்கிற நேரத்தை ஏரிக்குக் கொடுங்கள்.

பக்கிங்ஹாம் நீரூற்றைத் தாண்டினால் மிச்சிகன் ஏரி. கிட்டத்தட்ட மூன்று ஜொகூர் அளவு. அலை அடிக்கிறது, அக்கரை தெரியவில்லை, உப்பு வாசம் மட்டும் இல்லை. வீட்டுக்காரர் நம்பாமல் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை.

வீட்டம்மாவுக்கு ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.