ராமநாதபுரக் கடற்கரையில் கருவேலத்தையும் பனையையும் விட்டால் பார்க்க என்ன செடி இருக்கிறது?

கேட்டவர் தை மாதம் ராமேஸ்வரம் போகிறாராம். மேற்குத் தொடர்ச்சி மலையில் செடி கொடி பார்த்துப் பழகியவர். "ராமநாதபுரம் தாண்டினால் வழியெல்லாம் சீமைக்கருவேலம், பனை, பொட்டல். காட்டுத் தாவரம் என்று பார்க்க ஏதாவது உண்டா, அதற்காக ஒரு நாள் ஒதுக்கலாமா?" என்பது கேள்வி.

தாராளமாக ஒதுக்கலாம். நான் பெரியபட்டினம் பக்கத்துக்காரன், தாவரவியல் படித்தவன். ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. மலையில் பார்ப்பது போல இங்கே பார்க்கக் கூடாது. மலைக்காட்டில் நின்ற இடத்தில் அண்ணாந்தால் பத்து வகை தெரியும். இங்கே நின்ற இடத்தில் ஒன்றோ இரண்டோதான். சுற்றுலா வருகிறவர்கள் செய்வது போல அலையோரமாகவே நடந்தாலும் பயனில்லை. எவ்வளவு தூரம் போனாலும் அதே அடும்புக்கொடி, அதே முள்புல். கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்துக் குறுக்கே நடங்கள். நூறு, இருநூறு அடிக்குள் செடிகள் ஆளுக்கு ஆள் இடம் மாற்றிக்கொள்வது கண்ணுக்குத் தெரியும்.

காரணம் உப்பும் மேடும்தான். எங்கள் பக்கம் ஓதம் ஏறி இறங்குவதே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் தரை ஒரு சாண் உயர்ந்தால் அங்கே ஒரு செடி, ஒரு சாண் தாழ்ந்தால் வேறொரு செடி. தினமும் கடல்நீர் நனைக்கும் சேறு, பெரிய ஓதத்துக்கு மட்டும் நனையும் உவர்த்தரை, உப்புக்காற்று மட்டும் படும் மணல்மேடு, அதற்கும் பின்னால் மழைநீர் தங்கும் பள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குடிமக்கள். வெளியூர்க்காரர் "பொட்டல்" என்று சொல்லிவிட்டுப் போகும் இடத்தில் இவ்வளவும் இருக்கிறது.

மணல்மேட்டில் ஆரம்பிப்போம். அலைக்கு மிக அருகில் வருவது அடும்பு. ஆட்டுக்குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை, ஊதாப்பூ. காலையில் விரியும், மதியத்துக்கு மேல் வாடிவிடும். நெய்தல் பாட்டுகளில் வருகிற அதே கொடிதான். விதை கடல்நீரில் மிதந்து போய் இன்னொரு கரையில் முளைக்கும். உலகத்தின் வெப்பக் கடற்கரைகளில் எல்லாம் இது இருப்பதற்கு அதுதான் காரணம்.

அதற்கு அடுத்த வரிசையில் நிற்பவர்தான் எனக்குப் பிடித்தவர், ராவணன் மீசை. தாவரவியலில் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். புல் குடும்பம்தான், ஆனால் ஒவ்வோர் இலை நுனியும் ஊசி. கைலியோடு இதற்குள் ஒரு தரம் நடந்தவர் மறுபடி நடக்க மாட்டார். இதில் ஆண் தனி, பெண் தனி. ஆண் செடியில் கதிர்கள் விசிறி விரித்தாற்போலக் கொத்தாக நிற்கும். பெண் செடியில்தான் அந்தப் பெரிய முள்ளுருண்டை வரும். ஒரு சாண் குறுக்களவு இருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு முள்ளின் அடியிலும் ஒரு விதை ஒளிந்திருக்கும். முற்றியதும் உருண்டை காம்பிலிருந்து கழன்றுவிடும். காற்று பிடித்ததும் முள் நுனிகளால் மணலைத் தொட்டுத் தொட்டு ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் முள் உடையும், விதை சிதறும். மிச்சம் எங்காவது ஈரப் பள்ளத்தில் மாட்டி மணல் மூடினால் அங்கேயே முளைக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதைத் துரத்தி ஓடாமல் வளர்ந்ததில்லை. ஒரு தண்டே பல கெஜம் பரவுவதால் சில இடங்களில் ஒரு மேடு முழுக்க ஆணாகவே இருக்கும். உருண்டை இல்லையே என்று ஏமாறாமல் அடுத்த மேட்டுக்குப் போங்கள்.

இந்தப் புல்லின் பெரிய வித்தை, மணல் மூடினால் சாகாமல் இன்னும் கொழிப்பது. மூடிய கணுக்களில் வேர் விட்டுத் தண்டு மேலே ஏறும். அதன் மேல் மணல் இன்னும் சேரும், அது இன்னும் ஏறும். மணல்மேடு என்று நாம் சொல்வதே பாதி இந்தப் புல்லின் கைவேலைதான். தனுஷ்கோடியில் 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். ஆடிக்காற்றில் அந்தச் சாலையை மணல் மூடுவதும், அதை வாரிக் கொட்டுவதும் வருடா வருடம் நடக்கிறது. புல் இருக்கும் மேட்டில் வண்டியை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து.

மேட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் அங்கே குடிசை போட்டு வாழ்கிற மீனவக் குடும்பங்கள் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி ஊத்தில் குடிதண்ணீர் எடுப்பது இதனால்தான். மேட்டுக்குப் பின்பக்கப் பள்ளத்தில் தாழை நிற்பதும், பொடுதலை தரையோடு படர்வதும் அந்த நல்ல தண்ணீரை நம்பித்தான்.

பின்பக்க மணலில் தேட வேண்டிய செடி ஒன்றைச் சொல்கிறேன். இம்பூறல். ஒல்லியான இலை, கடுகளவு வெள்ளைப்பூ, தரையோடு கிடக்கும். தெரியாதவர் மிதித்துக்கொண்டே போய்விடுவார். மண்ணுக்கு மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பது அதிகம். வேர் நீளமாக இறங்கும். சாயவேர் என்பது இதைத்தான். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்பு இந்த வேர்ப்பட்டையிலிருந்து வந்தது. எதிர்க்கரை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அவ்வளவு காசு இதில். அந்தச் சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் செயற்கையாகச் செய்ய வழி கண்டுபிடித்தார்கள். வேர் தோண்டும் தொழில் அதோடு படுத்தது. செடி மட்டும் இன்னும் இருக்கிறது. பிடுங்கிப் பார்க்க வேண்டாம். காற்று அரித்த மேட்டு விளிம்பில் வேர் தானாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை நகத்தால் லேசாகச் சுரண்டினால் நிறம் தெரியும்.

இன்னும் உள்ளே போனால் முள்காடு. உடைமரம் இங்கேதான். குடைவேல் என்றும் சொல்வார்கள். உச்சி தட்டையாக, குடை விரித்தாற்போல இருக்கும். ராமேஸ்வரம் தீவில் இதைப் பார்க்காமல் திரும்பவே முடியாது. ஆனால் பலர் இதையும் சீமைக்கருவேலம் என்று நினைத்துவிடுகிறார்கள். உச்சியைப் பாருங்கள், குழப்பம் வராது. இதன் அடியில் முட்சங்கு, விடத்தலை, பிரண்டை, இலந்தை எல்லாம் பின்னிக் கிடக்கும். நடுவில் உகாய் மரம் இருந்தால் நின்று பாருங்கள். கீழக்கரை, ஏர்வாடிக் கடைகளில் பாக்கெட்டில் விற்கிற, பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி இதே மரத்தினுடையது. ஊர் எல்லையில் மரம் நிற்க, குச்சி கடல் கடந்து வருகிறது!

பாக் நீரிணைப் பக்கம் கதையே வேறு. மன்னார் வளைகுடாப் பக்கம் மணலும் பவளப்பாறையும் என்றால், வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் ஆழமில்லாமல், அலையில்லாமல், சேறாகக் கிடக்கும். காரங்காட்டில் கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரக் காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். அங்கே ஒன்று செய்து பாருங்கள். மழை பெய்யாத நாளில் வெண்கண்டல் இலை ஒன்றை நாக்கில் வையுங்கள். கரிக்கும். வெயில் ஏறும்போது இலையின் மேல் உப்புப் பொடியே படிந்திருக்கும். உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுவது இதன் வழி. மன்னார் வளைகுடாத் தீவுகளில் இருக்கும் ரைசோஃபோரா என்ற இன்னொரு அலையாத்தி மரத்துக்கு இது தேவையில்லை. அது வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டி நிறுத்திவிடும். உவர்த்தரையில் நிற்கும் உமரியோ உப்பை உள்ளே விட்டுச் சதைப்பிடித்த இலையில் தண்ணீரோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது; வறட்சி ஏற ஏறச் சிவக்கும். கடலோர ஊர்களில் உமரியைக் கீரையாகச் சமைப்பார்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான். உப்புப் போடத் தேவையில்லை. ஒரே உப்புக்கு மூன்று பேர் மூன்று விதமாக வழி கண்டிருக்கிறார்கள். நடந்தே பார்த்துவிடக்கூடிய ஒரு கரையில் இவை எல்லாம் இருப்பதைத்தான் இந்த ஊரின் வகைமை என்று சொல்கிறேன். மொத்தம் எத்தனை இனம் என்று கேட்டால் மலை எங்களைத் தோற்கடித்துவிடும்.

தண்ணீருக்குள்ளும் பூக்கும் செடி உண்டு. கடற்புல் பாசி இல்லை, அசல் பூச்செடி. வேர், தண்டு, பூ, மகரந்தம் எல்லாம் உண்டு. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வது இதைத்தான். பாக் நீரிணையில் அதற்கென 2022-இல் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர். கரையில் காய்ந்து ஒதுங்கிக் கிடக்கும் பழுப்புக் குப்பை இந்தக் கடற்புல்தான். நாறுகிறது என்று முகம் சுளிக்காமல் கிளறிப் பாருங்கள், நாடா போன்ற இலையும் கணுத்தண்டும் கிடைக்கும். அலையோரச் செடிகளுக்கு உரமும் அதுதான். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பிளாஸ்டிக்கோடு இதையும் வாரிப்போவது வேண்டாத வேலை.

தீவுகளைப் பற்றிச் சுருக்கமாக. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. குருசடைத் தீவில் பெம்ஃபிஸ் அசிடுலா என்ற புதர் இருக்கிறது. பவளக்கல் நொறுங்கிய தரையில், வேறெதுவும் வேர் பிடிக்காத இடத்தில் வளரும். அந்தமானிலும் லட்சத்தீவிலும் உள்ள செடி. இந்தியப் பெருநிலத்தை ஒட்டிப் பார்ப்பது அபூர்வம். பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு நீரில் மூழ்கியே போய்விட்டது. தீவு போனால் அதன் மேலிருந்த செடி எங்கே போகும்?

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "வெறும் மணல்தானே" என்று மரம் நடுவது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுகச் சவுக்கு வைத்தார்கள். காற்றைத் தடுக்கும், விறகு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பாருங்கள்: காய்ந்த சருகு மெத்தையாகக் கிடக்கும், கீழே ஒரு புல் இருக்காது. அடும்பும் ராவணன் மீசையும் இருந்த மேட்டில் குழி தோண்டிச் சவுக்கு வைத்து, அதற்குப் பசுமைத் திட்டம் என்று பலகையும் மாட்டினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஊருக்குப் பின்னால், ஏற்கெனவே கெட்டுப்போன தரையில் வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

சீமைக்கருவேலத்தில் என் நிலை அவ்வளவு கறார் இல்லை. அது உடைமரக் காட்டை விழுங்கியது உண்மை. ஆனால் மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. வெட்டிய இடத்தில் வேறொன்றை வளர விடாமல் வெட்டுவதால் மட்டும் பயனில்லை. தூர் தங்கினால் மறுபடி தழைத்துவிடும்.

நீங்கள் வருகிற தை நல்ல நேரம். எங்களுக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். அது நின்றதும் மணலில் மணலிக்கீரை, நெருஞ்சி, பொங்கல் காப்புக்குக் கட்டும் பூளைப்பூ என்று ஓராண்டுச் செடிகள் முளைத்துப் பூத்துக் காய்த்து, பங்குனி வெயிலுக்குள் காணாமல் போய்விடும். சித்திரையில் வந்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று எழுதுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது நிஜமாகவே தெரியாது.

ஒரே நாள்தான் என்றால் விடிந்ததும் தனுஷ்கோடி மேடுகள், அடும்பு வாடுவதற்குள். திரும்பும் வழியில் தங்கச்சிமடம் சுற்றி உடைமரங்கள். பிற்பகலில் தொண்டிச் சாலையில் காரங்காடு. படகு நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், நெருஞ்சி முள் சும்மா விடாது. பெயர் தெரியாத செடியைப் படம் எடுத்துப் போட்டால் சொல்ல முயல்கிறேன். பூவை மட்டும் எடுக்காதீர்கள்; இலை, தண்டு, அது நிற்கிற தரை மூன்றும் தெரியட்டும். உமரி வகைகளைப் பூவை வைத்துப் பிரிக்க என்னால் முடியாது.